நான்கு நாளில் ஏற்பு, உடனே கட்டணம்: நூலகவியல் ஆய்விதழை எப்படி எடைபோடுவது?

கேள்வி: கல்லூரி நூலகராக வேலை பார்க்கிறேன். எங்கள் நூலக இணையதளத்தின் அரட்டைச் சேவையில் மாணவர்கள் கேட்ட 600 கேள்விகளைத் தொகுத்து, எவற்றுக்கு நூலகரே பதில் சொல்ல வேண்டும், எவற்றுக்குத் தேவையில்லை என்று வகைபிரித்து 6,500 சொற்களில் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். மின்னஞ்சலில் அழைப்பு விடுத்த ஒரு பன்னாட்டு ஆய்விதழுக்கு ஆர்வத்தில் அதை அனுப்பிவிட்டேன். நான்காம் நாளே ஏற்புக் கடிதமும் கட்டண விவரமும் வந்துவிட்டன. எங்கள் துறைத் தலைவரோ இம்பாக்ட் ஃபேக்டர் என்னும் மேற்கோள் சராசரி அதிகமுள்ள ஒரு தகவல் அறிவியல் ஆய்விதழைச் சொல்கிறார். நூலகர் சங்கம் ஒன்று நடத்தும் இலவச ஆய்விதழும் என் மனத்தில் இருக்கிறது, ஆனால் அது தரவரிசையில் நடுவில்தான் வருகிறது. மூன்றில் எது சரி? ஓர் ஆய்விதழின் தரத்தை எப்படி மதிப்பிடுவது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். பணம் கட்டாதீர்கள். உரிமை மாற்றப் படிவம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்.

இது மதிப்பாய்வு இல்லாமல் பணம் வாங்கும் போலி இதழ் என்பதற்கு, நான்கு நாளில் ஏற்பு வந்ததே போதுமான சான்று. முறையான இதழில் பதிப்பாசிரியர் கட்டுரையைப் படித்து, பொருத்தம் பார்த்து, இரண்டு மதிப்பாய்வாளர்களைத் தேட வேண்டும். அவர்கள் ஊதியமில்லாமல் தங்கள் வேலைக்கு நடுவே இதைச் செய்பவர்கள். சம்மதிக்கும் இருவரைக் கண்டுபிடிக்கவே சில வாரம் பிடிக்கும். பிறகு அவர்கள் படித்துக் குறிப்பு எழுதி, நீங்கள் திருத்தி, அது மறுபடி பார்க்கப்பட வேண்டும். மாதக்கணக்கில் ஆவது இயல்பு. நான்கு நாளில் நிராகரிப்பு வந்தால் அதைச் சந்தேகிக்க வேண்டாம், பொருந்தாத கட்டுரையைப் பதிப்பாசிரியரே திருப்பி அனுப்பியிருப்பார். நான்கு நாளில், ஒரு திருத்தக் குறிப்புகூட இல்லாமல் ஏற்பு வந்தால் யாரும் படிக்கவில்லை என்று பொருள்.

திரும்பப் பெறும் கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். கட்டுரைத் தலைப்பு, அனுப்பிய தேதி, கொடுத்த எண், "கட்டணம் செலுத்தவில்லை, உரிமை ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடவில்லை, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், உறுதிசெய்து பதில் அனுப்புங்கள்" என்ற வரிகள், இவ்வளவு போதும். காரணம் விளக்கத் தேவையில்லை. விளக்கினால் பேச்சு வளரும். திரும்பப் பெறுவதற்கும் கட்டணம் கேட்பது இத்தகைய இதழ்களின் வாடிக்கை. அதையும் கட்டாதீர்கள். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து அதே கடிதத்தை மறுபடி அனுப்புங்கள். எல்லா மின்னஞ்சல்களையும் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த இதழுக்கு அனுப்பும்போது, நடந்ததை உறைக் கடிதத்தில் (கட்டுரையோடு பதிப்பாசிரியருக்கு எழுதும் கடிதத்தில்) மூன்று வரியில் சொல்லிவிடுவது நல்லது. ஒரே கட்டுரையை ஒரே சமயத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்புவது ஆய்வு நெறிமீறல். நீங்கள் அதைச் செய்யவில்லை என்பதற்கு இந்தக் கடிதங்களே ஆதாரம். அவர்கள் அனுமதியின்றி வெளியிட்டுவிட்டால் நீக்கச் சொல்லிக் கேளுங்கள், அதையும் புதிய பதிப்பாசிரியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இந்தச் சிக்கலில் மாட்டுவது அறியாமையால் மட்டும் நடப்பதில்லை. 2013-ல் "சயின்ஸ்" இதழுக்காக ஒரு பத்திரிகையாளர் வேண்டுமென்றே பெரும் பிழைகளோடு புனைந்த ஆய்வுக் கட்டுரையை 304 திறந்த அணுகல் இதழ்களுக்கு (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய இதழ்களுக்கு) அனுப்பினார். பாதிக்கு மேற்பட்டவை ஏற்றுக்கொண்டன. அவற்றில் பெயர்பெற்ற பதிப்பகங்களின் இதழ்களும் இருந்தன. ஆகவே பதிப்பகத்தின் பெயரை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது.

போலியா என்று பார்ப்பது

இதற்கு ஒரு மணி நேரம் போதும். ஒரு விதி மட்டும் மாறாது: இதழின் இணையதளம் தன்னைப் பற்றிச் சொல்லும் எதையும் அந்தத் தளத்திலேயே சரிபார்க்கக் கூடாது. சொல்லப்பட்ட இடத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும்.

இதழ்களை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணிலிருந்து தொடங்குங்கள். எட்டு இலக்கங்களில் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். அமெரிக்கக் கல்லூரி, ஆய்வு நூலகங்களின் சங்கம் நடத்தும் "காலேஜ் அண்ட் ரிசர்ச் லைப்ரரீஸ்" இதழின் எண் 0010-0870. முதல் ஏழு இலக்கங்களை முறையே 8, 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டினால், பூஜ்ஜியங்கள் போக, 6 + 24 + 14 = 44. இது 11 ஆல் மீதியின்றி வகுபடுகிறது, ஆகவே கடைசி இலக்கம் 0. மீதி வந்தால் அதை 11 இலிருந்து கழித்தால் கடைசி இலக்கம் கிடைக்கும். விடை 10 என்றால் அந்த இடத்தில் எக்ஸ் என்ற எழுத்து வரும். கணக்கு ஒத்துவராத எண், கற்பனை எண் அல்லது தட்டச்சுப் பிழை. ஒத்துவந்துவிட்டால் இதழ் நல்லது என்று ஆகிவிடாது. உண்மையான இதழின் எண்ணைத் திருடி வைத்துக்கொள்வதும் நடக்கிறது. அதனால் ஐ.எஸ்.எஸ்.என். இணையவாசலில் அந்த எண்ணைத் தேடி, தலைப்பு, பதிப்பாளர், நாடு, இணைய முகவரி நான்கும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். இந்த எண் ஓர் அடையாளம் மட்டுமே. விண்ணப்பித்தால் கிடைக்கும். "ஐ.எஸ்.எஸ்.என். பெற்ற தரமான இதழ்" என்று பெருமையாக அச்சிட்டிருந்தால், அதைவிடப் பெரிய தகுதி எதுவும் அந்த இதழுக்கு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது அட்டவணைகள், அதாவது தேர்ந்தெடுத்த இதழ்களின் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் பதிவுசெய்யும் தரவுத்தளங்கள். ஸ்கோபஸின் இதழ்ப் பட்டியலையும், வெப் ஆஃப் சயின்ஸின் முதன்மை இதழ்ப் பட்டியலையும் சந்தா இல்லாமலே தேடலாம். இதழின் பெயரால் தேடாமல் எண்ணால் தேடுங்கள். ஒரே மாதிரிப் பெயர்கள் நம் துறையில் ஏராளம். ஸ்கோபஸில் இதழ் இருக்கிறது என்றதும் நிறுத்திவிட வேண்டாம், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்ற வரியைப் படியுங்கள். சேர்ப்பு நிறுத்தப்பட்டது என்று குறிப்பு இருந்தால், பழைய கட்டுரைகள் அங்கே இருக்கும், உங்களுடையது போகாது. ஆனால் அந்த இதழின் முகப்பில் ஸ்கோபஸ் சின்னம் பளிச்சென்று இருந்துகொண்டே இருக்கும். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

திறந்த அணுகல் இதழ் என்றால், அத்தகைய இதழ்களுக்கான டி.ஓ.ஏ.ஜே. அடைவில் பாருங்கள். 2003-ல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது இது. 2014-ல் விதிகளைக் கடுமையாக்கி, ஏற்கெனவே இடம்பெற்றிருந்த இதழ்களையும் மறுபடி விண்ணப்பிக்கச் சொன்னது. அதற்குப் பிறகு அதன் மேல் நம்பிக்கை கூடியிருக்கிறது. கூகுள் ஸ்காலரில் வருவதைத் தகுதியாகக் கொள்ளாதீர்கள். அது தேடுபொறி, இதழ்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் அட்டவணை அல்ல. ஜெஃப்ரி பீல் என்ற நூலகர் தொகுத்த சந்தேகத்துக்குரிய பதிப்பகங்களின் பட்டியலும் இன்னும் பல இடங்களில் நகல்களாக உலவுகிறது. மூலப் பட்டியலை அவர் 2017 ஜனவரியில் எடுத்துவிட்டார். பழைய நகலில் பெயர் இல்லை என்பதால் ஓர் இதழ் சுத்தமானது என்று சொல்ல முடியாது.

பிறகு கடைசி இதழிலிருந்து ஒரு கட்டுரையின் டி.ஓ.ஐ. எண்ணை, அதாவது அந்தக் கட்டுரைக்கான நிலையான இணைய அடையாள எண்ணை, நகலெடுத்து, டி.ஓ.ஐ. தளத்தில் ஒட்டிப் பாருங்கள். அதே இதழின், அதே கட்டுரையின் பக்கத்துக்குப் போக வேண்டும். வேறு தளத்துக்குப் போனால், நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது உண்மையான இதழின் பெயரைக் கடத்தி வைத்திருக்கும் போலித் தளமாக இருக்கலாம். கடத்தப்பட்ட இதழ்களின் பட்டியல் ஒன்றை "ரிட்ராக்‌ஷன் வாட்ச்" பராமரிக்கிறது, அதிலும் ஒரு முறை தேடுங்கள். எங்கும் போகாத டி.ஓ.ஐ. என்றால் அந்த எண்ணே பதிவாகவில்லை.

ஆசிரியர் குழுவில் மூன்று பேரை எடுத்துக்கொண்டு, அவர்கள் வேலை பார்க்கும் நிறுவனத்தின் பக்கத்தில் இந்தப் பொறுப்பு குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் ஒருவருக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்டுவிடுங்கள். நூலகவியல் சிறிய துறை, பதில் வரும். தன் பெயர் அங்கே இருப்பதே தெரியாது என்று பதில் வந்தால் விசாரணையை அத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

யாருக்காக நடக்கும் இதழ்?

போலி இல்லை என்று தெரிந்ததும் பெரும்பாலோர் நேராக இம்பாக்ட் ஃபேக்டருக்குப் போகிறார்கள். என் கருத்தில் அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைதான் முழு முடிவையும் தீர்மானிக்கிறது: கடந்த இரண்டு ஆண்டு இதழ்களை உட்கார்ந்து படிப்பது. எல்லாக் கட்டுரையையும் வரிவரியாகப் படிக்கச் சொல்லவில்லை. பத்துக் கட்டுரைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள். எழுதியவர் நூலகரா பேராசிரியரா, ஒரு நூலகத்தின் தரவா பல நூலகங்களின் தரவா, எந்த ஆய்வு முறை, எத்தனை சொற்கள், எந்தக் கேள்வியோடு தொடங்குகிறது, என்ன பரிந்துரையோடு முடிகிறது. கட்டுரையின் அடியில் பெறப்பட்ட தேதியும் ஏற்கப்பட்ட தேதியும் இருக்குமானால் அவற்றையும் எழுதுங்கள். பத்துக் கட்டுரைக்கும் இடைவெளி ஒரு வாரத்துக்குள் இருந்தால் அங்கே மதிப்பாய்வு நடக்கவில்லை. கட்டுரைக்குக் கட்டுரை இடைவெளி மாறினால் அது நல்ல அறிகுறி. மதிப்பாய்வு உண்மையாக நடக்கும் இடத்தில் கால அளவு சீராக இருக்காது.

இந்தப் பத்து வரிகளைப் பார்த்ததும் இதழின் இயல்பு தெரிந்துவிடும். நம் துறையின் இதழ்களை மூன்று குடும்பங்களாகப் பிரிக்கலாம். "ஜர்னல் ஆஃப் டாக்குமெண்டேஷன்", "ஜசிஸ்ட்" போன்றவை தகவல் அறிவியலின் கோட்பாடு, தகவல் நாடும் நடத்தை, அளவீடு பக்கம் சாய்பவை. "காலேஜ் அண்ட் ரிசர்ச் லைப்ரரீஸ்", "ஜர்னல் ஆஃப் அகாடமிக் லைப்ரேரியன்ஷிப்" போன்றவை நூலகங்களில் நடப்பதை ஆய்வு முறையோடு பார்ப்பவை. மூன்றாவது வகை ஒரு குறிப்பிட்ட சேவையையோ தொழில்நுட்பத்தையோ சுற்றியவை. உசாத்துணைச் சேவைக்கு, அதாவது வாசகர் கேள்விகளுக்கு நூலகர் பதில் தேடித் தரும் சேவைக்கு, "ரெஃபரன்ஸ் சர்வீசஸ் ரிவியூ" உண்டு, நூலக மென்பொருளுக்கு "கோட்ஃபோர்லிப் ஜர்னல்" உண்டு. இவற்றுக்குள் மேல் கீழ் என்று எதுவும் இல்லை. கேட்கும் கேள்வி மட்டுமே வேறு.

உங்கள் கட்டுரையை இதில் வைத்துப் பாருங்கள். ஒரு நூலகம், 600 கேள்விகள், ஒரு வகைப்பாடு, அதிலிருந்து பணியாளர் ஒதுக்கீடு பற்றிய முடிவு. தகவல் அறிவியல் இதழின் பதிப்பாசிரியர் இதைக் கையில் எடுத்ததும் கேட்பது, "இது எந்தக் கோட்பாட்டைச் சோதிக்கிறது? இந்த ஒரு நூலகத்துக்கு வெளியே எதைப் பற்றிச் சொல்கிறது?" என்பதுதான். பதில் கட்டுரையில் இல்லையென்றால் மதிப்பாய்வுக்கே அனுப்பாமல் திருப்பிவிடுவார். கட்டுரை மோசம் என்று அதற்குப் பொருளல்ல. இதே கட்டுரையைச் சேவை சார்ந்த இதழில் படிப்பவர், வரும் பருவத்தில் தன் அரட்டை மேசைக்கு யாரை உட்கார வைப்பது என்று யோசிப்பவர். அவருக்கு உங்கள் எண்ணிக்கைகள் அப்படியே பயன்படும்.

ஓர் இதழ் உங்களுக்குப் பொருந்துமா என்று பார்க்க இன்னொரு நேரடியான வழி, அதன் பழைய இதழ்களில் "அரட்டை உசாத்துணை" என்ற பொருளில் தேடுவது. ஐந்தாண்டில் நான்கைந்து கட்டுரைகளாவது வந்திருந்தால், உங்களுக்கு மதிப்பாய்வாளராக அமையப் போகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கட்டுரைகளை எழுதியவர்களே. அவர்கள் எந்த வகைப்பாட்டைப் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். கேள்விக்குச் செலவாகும் உழைப்பை ஒன்று முதல் ஆறு வரை மதிப்பிடும் ரீட் அளவுகோல் அடிக்கடி வந்தால், உங்கள் கட்டுரையிலும் அதைத் தொட்டாக வேண்டும்: பயன்படுத்தியிருந்தால் அதன் முடிவைச் சொல்லுங்கள், பயன்படுத்தவில்லையென்றால் ஏன் என்று சொல்லுங்கள். ஒரு கட்டுரைகூட இல்லையென்றால் இரண்டு வாய்ப்புகள். இதழுக்கு அந்தப் பொருளில் ஆர்வமில்லை, அல்லது யாரும் இதுவரை அனுப்பவில்லை. எது என்று தெரிந்துகொள்ளப் பதிப்பாசிரியருக்கு 150 சொற்களில் ஒரு கடிதம் எழுதலாம். கேள்வி, தரவு, முறை, முக்கிய முடிவு, சொல் எண்ணிக்கை, இந்த இதழின் எந்தக் கட்டுரையோடு இது உரையாடுகிறது என்பவற்றை அதில் சொல்லுங்கள். கட்டுரையை இணைக்காதீர்கள். இப்படிக் கேட்பது எங்கும் இரட்டைச் சமர்ப்பிப்பாகக் கருதப்படுவதில்லை, இரண்டு மூன்று பதிப்பாசிரியர்களிடம் கேட்கலாம்.

மதிப்பாய்வு முறையையும் கவனியுங்கள். இரு தரப்பும் பெயர் தெரியாத முறை நம் துறையில் பரவலானது. அப்படியென்றால் கட்டுரையில் உங்கள் நூலகத்தின் பெயரை எடுத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். கோப்பின் பண்புகளில் ஒட்டியிருக்கும் உங்கள் பெயரையும் நீக்க வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். "இன் தி லைப்ரரி வித் தி லெட் பைப்" போன்ற சில இதழ்கள் வெளிப்படையான மதிப்பாய்வு நடத்துகின்றன. முதல் கட்டுரை எழுதுபவருக்கு அது பயமுறுத்தலாக இருக்கலாம். ஆனால் யார் என்ன சொன்னார்கள் என்று தெரிந்து திருத்துவது கற்றுக்கொள்ள நல்ல வழி.

இம்பாக்ட் ஃபேக்டர் என்ன சொல்லும், என்ன சொல்லாது

உங்கள் துறைத் தலைவர் சொல்வதை ஒதுக்கிவிட முடியாது. பதவி உயர்வுக்கு எண் தேவைப்படும் இடங்களில் அது நிஜமான தேவை. ஆனால் அந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டு அவரிடம் பேசுங்கள்.

2024-ஆம் ஆண்டின் இம்பாக்ட் ஃபேக்டர் என்பது, 2022, 2023 ஆண்டுகளில் வெளியானவை 2024-ல் பெற்ற மேற்கோள்களை, அந்த இரண்டு ஆண்டுக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. ஸ்கோபஸின் சைட்ஸ்கோர் நான்கு ஆண்டுகளைக் கணக்கில் கொள்கிறது. ஆகவே ஒரே இதழுக்கு இரண்டு எண்களும் வேறாகத்தான் இருக்கும், ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது. சராசரியின் வழக்கமான குறையும் இதில் உண்டு. இரண்டு ஆண்டில் 40 கட்டுரைகள், 80 மேற்கோள்கள் என்றால் எண் 2.0. அந்த 80-ல் 50 ஒரே ஒரு ஆய்வுத் தொகுப்புக் கட்டுரைக்கு வந்திருக்கலாம். மீதி 39 கட்டுரைகள் 30 மேற்கோள்களைப் பங்கிட்டுக்கொண்டிருக்கும், தலைக்கு ஒன்றுகூடத் தேறாது.

நூலகவியலுக்கே உரிய ஒரு சிக்கலைத் துறைக்கு வெளியே இருப்பவர்கள் அறிவதில்லை. வெப் ஆஃப் சயின்ஸில் தகவல் அறிவியலும் நூலக அறிவியலும் ஒரே பிரிவு. "எம்.ஐ.எஸ். குவார்டர்லி" போன்ற, நிறுவனங்களின் தகவல் அமைப்புகளை ஆராயும் மேலாண்மை இதழ்களும் அதே பிரிவில்தான் தரவரிசை பெறுகின்றன. அந்தத் துறையில் ஆய்வாளர்கள் அதிகம், மேற்கோளும் அதிகம். தரவரிசையை நான்காகப் பிரித்தால் வரும் முதல் கால்பகுதியை அவை பெருமளவு நிரப்பிவிடுவதால், நூலகர்கள் உண்மையில் படிக்கும் இதழ்கள் இரண்டாம், மூன்றாம் கால்பகுதிக்குத் தள்ளப்படுகின்றன. அதோடு, நூலகர் ஒருவர் உங்கள் கட்டுரையைப் படித்து அரட்டை நேரத்தை மாற்றினால் அது எந்த மேற்கோள் கணக்கிலும் ஏறாது. நீங்கள் நினைத்திருக்கும் சங்க இதழ் நடுவில் நிற்பதற்கு இவை இரண்டுமே காரணமாக இருக்கலாம்.

1985-லேயே அமெரிக்காவில் நூலக இயக்குநர்களிடமும் நூலகவியல் பள்ளித் தலைவர்களிடமும் துறை இதழ்களை மதிப்பிடச் சொல்லி ஓர் ஆய்வு நடந்தது. பல இதழ்களில் இரு தரப்பின் மதிப்பும் ஒத்துப்போகவில்லை. பேராசிரியர் உயர்வாக எண்ணும் இதழும் நூலகர் உயர்வாக எண்ணும் இதழும் வேறாக இருப்பது புதிதல்ல.

எனவே தலைவரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை: நிறுவனம் ஏற்பது எந்த அட்டவணை? கால்பகுதி என்றால் வெப் ஆஃப் சயின்ஸ் கணக்கா, ஸ்கோபஸ் சார்ந்த சிமாகோ கணக்கா? சமர்ப்பித்த ஆண்டின் தரமா, வெளியான ஆண்டின் தரமா? ஒரே இதழ் ஒரு கணக்கில் முதல் கால்பகுதியிலும் இன்னொன்றில் இரண்டாவதிலும் இருப்பது சாதாரணம். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வளர்ந்துவரும் இதழ்களுக்கென வெப் ஆஃப் சயின்ஸ் வைத்திருக்கும் இ.எஸ்.சி.ஐ. அட்டவணையின் இதழ்களுக்கும் 2023 முதல் இம்பாக்ட் ஃபேக்டர் வெளியிடப்படுகிறது. சங்க இதழ் அதில் இருந்தாலே நிறுவனத்தின் தேவை நிறைவேறக்கூடும்.

கட்டணமும் உரிமையும்

நம் துறையின் நல்ல இதழ்களில் பல, கட்டுரையாளரிடமும் வாசகரிடமும் எதுவும் வாங்குவதில்லை. "காலேஜ் அண்ட் ரிசர்ச் லைப்ரரீஸ்" 1939-ல் தொடங்கியது, 2011 முதல் முழுக்கத் திறந்த அணுகல். "எவிடன்ஸ் பேஸ்டு லைப்ரரி அண்ட் இன்ஃபர்மேஷன் பிராக்டிஸ்", "இன்ஃபர்மேஷன் ரிசர்ச்" போன்றவையும் இலவசம்தான். இலவசம் என்பதால் தரம் குறைவு என்ற எண்ணம் நூலகவியலில் சற்றும் பொருந்தாது. கலப்பு இதழ்களில், அதாவது சந்தா இதழில் விரும்பினால் கட்டணம் கட்டித் திறந்து வைக்கலாம் என்னும் முறையில், கட்டணம் கட்டாமல் சந்தா வழியிலேயே வெளியிடலாம். கட்டாயம் என்று நினைத்துப் பலர் பணம் கட்டிவிடுகிறார்கள். முழுக் கட்டண இதழ் என்றால் சலுகை கேட்பதைக் கட்டுரை அனுப்புவதற்கு முன்பே செய்ய வேண்டும், ஏற்பு வந்த பிறகு கேட்டால் பல இடங்களில் எடுபடாது.

ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைத் தேடுங்கள். பதிப்புரிமை யாரிடம் இருக்கும்? ஏற்கப்பட்ட வடிவத்தை, அதாவது மதிப்பாய்வுக்குப் பின் திருத்தியதும் பதிப்பகம் பக்கம் அமைக்காததுமான கோப்பை, உங்கள் நிறுவனத்தின் இணையக் களஞ்சியத்தில் வைக்கலாமா? வைக்கலாம் என்றால் உடனேயா, சில மாதம் கழித்தா? இதழ் வாரியாக இந்த விவரங்களை பிரிட்டனின் ஜிஸ்க் அமைப்பு நடத்தும் ஓப்பன் பாலிசி ஃபைண்டரில் பார்க்கலாம், முன்பு ஷெர்பா ரோமியோ என்று அறியப்பட்டது அதுதான். இது சின்ன விஷயம் இல்லை. 2013 மார்ச்சில் "ஜர்னல் ஆஃப் லைப்ரரி அட்மினிஸ்ட்ரேஷன்" இதழின் பதிப்பாசிரியரும் குழுவும் மொத்தமாக விலகினார்கள், காரணம் கட்டுரையாளர் ஒப்பந்தத்தின் விதிகள். 2019 ஜனவரியில் "ஜர்னல் ஆஃப் இன்ஃபர்மெட்ரிக்ஸ்" குழு விலகி "குவான்டிடேட்டிவ் சயன்ஸ் ஸ்டடீஸ்" என்ற புதிய இதழைத் தொடங்கியது. இப்படி நடந்தால் பழைய இதழின் பெயர் அதேதான், ஆனால் அதை நடத்துபவர்கள் மாறிவிடுவார்கள். ஐந்தாண்டுக்கு முன் யாரோ புகழ்ந்த இதழை இன்று யார் நடத்துகிறார்கள் என்று ஒரு முறை பாருங்கள்.

சங்க இதழ்களில் பார்க்க வேண்டிய முக்கியமான இடம் நீண்டகாலப் பாதுகாப்பு. தன்னார்வலர்கள் நடத்தும் சிறிய இதழ்கள் ஒருவர் ஓய்வு பெற்றதும் நின்றுபோவதுண்டு, தளமும் சேர்ந்து மறையும். 2000 முதல் 2019 வரை 174 திறந்த அணுகல் இதழ்கள் இணையத்திலிருந்து அறவே மறைந்ததாக ஓர் ஆய்வு கண்டது. ஐ.எஸ்.எஸ்.என். இணையவாசலிலேயே கீப்பர்ஸ் பதிவேடு இருக்கிறது. லாக்ஸ், கிளாக்ஸ், போர்ட்டிகோ போன்ற ஏதாவதொரு காப்பகத்தில் இதழ் சேமிக்கப்படுகிறதா என்று அதில் தெரியும். இல்லையென்றால் அதற்காகவே இதழை ஒதுக்க வேண்டாம், ஏற்கப்பட்ட வடிவத்தை உங்கள் நிறுவனக் களஞ்சியத்திலோ 2003 முதல் நம் துறைக்கென இயங்கும் இ-லிஸ் களஞ்சியத்திலோ இட்டுவைக்க இதழ் அனுமதிக்கிறதா என்று பாருங்கள். ஆண்டுக்கு நான்கு இதழ் என்று அறிவித்துவிட்டு இரண்டு மட்டும் வந்திருந்தால், அதுதான் முன்கூட்டியே தெரியும் எச்சரிக்கை.

உங்கள் கட்டுரைக்கு

மேலே சொன்ன சோதனைகளில் தேறினால் சங்க இதழுக்கே அனுப்புங்கள். அதற்கு மாற்றாக உசாத்துணைச் சேவை சார்ந்த ஓர் இதழையும் கல்லூரி நூலகங்கள் சார்ந்த ஓர் இதழையும் தேர்ந்து வைத்திருங்கள். தலைவர் சொன்ன இதழுக்குத்தான் போயாக வேண்டும் என்றால், குறைந்தது இன்னும் ஒரு நூலகத்தின் தரவைச் சேர்த்து, கேள்விகளின் வகைப்பாட்டை ஒரு கோட்பாட்டோடு பொருத்தி எழுத வேண்டியிருக்கும். அது வேறு கட்டுரை, சில மாத வேலை.

எங்கே அனுப்பினாலும் இரண்டு விஷயங்களை இப்போதே சரிசெய்யுங்கள், திருப்பி அனுப்பப்பட இவை போதுமான காரணங்கள். முதலாவது, 600 கேள்விகளையும் நீங்கள் ஒருவரே வகைபிரித்திருந்தால், 120 கேள்விகளைக் குலுக்கலாக எடுத்து இன்னொரு நூலகரிடம் தனியாக வகைபிரிக்கச் சொல்லுங்கள். உங்கள் இருவரின் வகைபிரிப்பு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை, தற்செயல் பொருத்தத்தைக் கழித்து அளக்கும் கோஹன் காப்பா எண்ணாகக் கணக்கிட்டு முறையியல் பகுதியில் தாருங்கள். முரண்பட்ட கேள்விகளை எப்படித் தீர்த்தீர்கள் என்பதையும் இரண்டு வரி எழுதுங்கள். இரண்டாவது, மாணவர்களின் உரையாடல்கள் தனிப்பட்டவை. பெயர், பதிவு எண், தொலைபேசி எண் மட்டும் நீக்கினால் போதாது. "என் ஆய்வேட்டுத் தலைப்பு இது" என்று மாணவர் எழுதியிருந்தால் அந்தத் தலைப்பே ஆளைக் காட்டிக்கொடுக்கும். நெறிமுறைக் குழுவின் அனுமதியோ, விலக்குக் கடிதமோ வாங்கி, அதன் விவரத்தைக் கட்டுரையில் குறிப்பிடுங்கள். இதை இதழ்கள் வெளிப்படையாகக் கேட்கின்றன.

கட்டுரைச் சுருக்கத்தின் வடிவமும் இதழுக்கு இதழ் மாறும். எமரால்டு பதிப்பகத்தின் இதழ்கள் நோக்கம், முறை, முடிவுகள், புதுமை என்று தலைப்பிட்ட சுருக்கத்தை 250 சொற்களுக்குள் கேட்கும். வேறு சில ஒரே பத்தியாகக் கேட்கும். செயற்கை நுண்ணறிவுக் கருவி எதையாவது வகைபிரிக்கவோ மொழி திருத்தவோ பயன்படுத்தியிருந்தால், இதழின் விதியைப் பார்த்து அதையும் சொல்லிவிடுங்கள்.

உறைக் கடிதத்தில் பதிப்பாசிரியரைப் பெயர் சொல்லி விளியுங்கள். அந்த இதழில் வந்த ஒரு கட்டுரையைக் குறிப்பிட்டு, உங்களுடையது அதிலிருந்து எங்கே மேலே போகிறது என்று சொல்லுங்கள். முந்தைய இதழிலிருந்து திரும்பப் பெற்ற விவரத்தை ஒளிக்காமல் எழுதுங்கள். மூன்று மாதம் ஆகியும் எந்தச் செய்தியும் வரவில்லையென்றால், கட்டுரையின் எண்ணைக் குறிப்பிட்டு நிலைமையைக் கேட்கலாம். அது நச்சரிப்பாகாது.